கணவன்மாருக்கு மூடிய கதவு

பத்திரிகை அலுவலகமொன்றில் புதிதாகச் சேர்பவரிடம் முதலில் ஒப்படைக்கப்படும் வேலை பெரும்பாலும் சிறு விளம்பரங்களின் அச்சுப்படியைத் திருத்துவதாகவே இருக்கும். எனக்கும் அதுவே வாய்த்தது. மணமகன் தேவை, மணமகள் தேவை என்ற பத்திகளை ஆண்டுக்கணக்காக எழுத்தெண்ணி வாசித்திருக்கிறேன். தொடக்கத்தில் அவ்விளம்பரங்கள் ஊரோடும் சமயத்தோடும் ஆரம்பித்து, நட்சத்திரம், செவ்வாய் எத்தனையில், பாவம் எத்தனை, உத்தியோகம் என்ன என்று ஓர் ஒழுங்கில் நடந்து சீதனத்தில் வந்து முடியும். தொண்ணூறுகளில் அந்த ஒழுங்கின் தலைமாட்டில் புதிய சொற்றொடரொன்று வந்து அமர்ந்துகொண்டது: 'நிரந்தர வதிவிட உரிமை பெற்ற'. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ அந்த உரிமையைப் பெற்றவருக்கு நட்சத்திரப் பொருத்தம் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை என்பது விளம்பரங்களின் நீளத்திலேயே தெரிந்தது.

இரு குடும்பங்கள் கூடிப் பேசி முடிக்கும் கலியாணத்தில் மூன்றாவது தரப்பு ஒன்று அவ்வாறு நுழைந்தது. அத்தரப்பு சாதகம் பார்ப்பதில்லை. ஆனால் கடிதங்களைப் படிக்கும், படங்களை எண்ணும், மாப்பிள்ளையைத் தனியே அழைத்துக் கேள்வி கேட்கும். விசா அதிகாரியைத்தான் சொல்கிறேன். வெளிநாட்டவரை மணந்தோரை ஓர் அரசு எவ்விதம் நடத்தியது என்பதற்குப் பிரித்தானியாவின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. அக்கதையின் நடுவே மூன்று பெண்கள் பெற்ற ஒரு வெற்றி இருக்கிறது. அந்த வெற்றியை அரசு என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1870 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டப்படி, பிறநாட்டவனை மணந்த பிரித்தானியப் பெண் மணவோலையில் ஒப்பமிட்ட கணமே தன் சொந்த நாட்டுரிமையை இழந்தாள். மறுதலையாக, பிரித்தானியனை மணந்த பிறநாட்டுப் பெண் பிரித்தானியப் பிரசை ஆனாள். 1914 ஆம் ஆண்டுச் சட்டம் இதனை மீளவும் உறுதிசெய்தது. அவ்வாண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. ஜேர்மனியரை மணந்து இங்கிலாந்திலேயே வாழ்ந்த ஆங்கிலப் பெண்கள் பலர், தாம் பிறந்த ஊரின் பொலிஸ் நிலையத்திலேயே எதிரிநாட்டவராகத் தம்மைப் பதிந்துகொள்ள நேரிட்டது. 1933 இல் சட்டம் ஓரளவு தளர்ந்தது. 1949 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த நாட்டுரிமைச் சட்டத்தின் பின்னரே, மணம் செய்தாலும் செய்யாவிட்டாலும் பெண்ணின் நாட்டுரிமை அவளுடையதே என்றாயிற்று.

சட்டப் புத்தகத்திலிருந்து இக்கொள்கை நீங்கியது. அதிகாரிகளின் மனத்திலிருந்து நீங்கவில்லை. மனைவி கணவனைப் பின்தொடர்வாள், கணவன் மனைவியைப் பின்தொடர மாட்டான், பின்தொடர்ந்தால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்ற எண்ணமே அடுத்த ஐம்பது ஆண்டுகளின் குடிவரவு விதிகளை இயக்கியது.

போருக்குப் பின் பொதுநலவாய நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் பிரித்தானியாவுக்குச் சென்றனர். 1962 ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் அந்த வருகைக்கு முதல் அணையைக் கட்டியது. அப்போதும், அங்கு குடியிருக்கும் ஆணின் மனைவிக்கும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் நுழையும் உரிமை சட்டத்திலேயே இருந்தது. கணவன்மாருக்கு அத்தகைய சட்டவுரிமை கிடையாது. அதிகாரியின் விருப்பத்தின் பேரில் வந்துகொண்டிருந்தார்கள். 1969 ஜனவரியில் தொழிற்கட்சி உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கலகன் அதனையும் நிறுத்தினார். தொழில் தேடும் இளைஞர்கள் திருமணத்தைப் பயணச்சீட்டாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே காரணம். பெண்களின் எதிர்ப்பு வலுக்கவே, 1974 ஜூனில் அதே கட்சியைச் சேர்ந்த ரோய் ஜென்கின்ஸ் தடையை நீக்கினார். 1977 இல் மீண்டும் பூட்டு பாதி விழுந்தது. வந்துசேரும் கணவனுக்கு முதலில் பன்னிரண்டு மாதங்கள் மட்டுமே அனுமதி, அதன் பின்னரே நிரந்தரம் என்றானது. ஒரே கட்சி, எட்டு ஆண்டுகளில் மூன்று விதிகள்!

1978 ஜனவரியில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராயிருந்த மார்கிறட் தட்சர், வேற்றுப் பண்பாட்டு மக்களால் தாம் அமிழ்த்தப்பட்டுவிடுவோமோ என்று நாட்டவர் அஞ்சுவதாகத் தொலைக்காட்சிச் செவ்வியொன்றில் கூறினார். 1979 தேர்தலில் அவருடைய கட்சியின் விஞ்ஞாபனம், கணவன்மாருக்கும் மணம்பேசிய ஆண்களுக்கும் 1974 இல் வழங்கிய சலுகையை நீக்குவோம் என்று வெளிப்படையாகவே வாக்களித்தது.

அத்தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னர் நடந்ததொன்றை இங்கே சொல்லாமல் அப்பால் செல்ல முடியாது. 1979 ஜனவரி 24 ஆம் திகதி, இந்தியாவிலிருந்து முப்பத்தைந்து வயதுடைய ஆசிரியை ஒருவர் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினார். பிரித்தானியாவில் வதியும் இந்தியர் ஒருவரை மணம் முடிக்க வந்தவர் அவர். மணம்பேசிய பெண்ணாக வந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் செய்பவருக்கு முன்கூட்டிய நுழைவு அனுமதி வேண்டியதில்லை. ஏற்கெனவே மணமான மனைவியாயின் அது கட்டாயம் வேண்டும். அதிகாரிகளுக்கு ஐயம் பிறந்தது. இவர் உண்மையில் மணமாகாதவர்தானா என்பதை 'அறிய', விமான நிலைய மருத்துவரைக் கொண்டு அவருடைய கன்னித்தன்மையைப் பரிசோதித்தார்கள். ஒப்புதல் படிவத்தில் அவர் ஒப்பமிட்டார் என்பது அரசின் விளக்கம். ஒப்பமிடாவிடில் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியிருக்கும் என்ற அச்சத்தில் இட்ட ஒப்பத்துக்கு என்ன பெறுமதி?

பெப்ரவரி முதலாந் திகதி 'கார்டியன்' பத்திரிகை இதனை வெளியிட்டது. ஒரு நிருபரின் செய்தி ஓர் அரசின் நடைமுறையை உடனடியாக நிறுத்திய அரிய தருணங்களில் இது ஒன்று. இந்தியாவில் எழுந்த கொதிப்பு பாராளுமன்றம் வரை சென்றது. உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் இத்தகைய பரிசோதனைகளுக்குத் தடை விதித்தார். இது தனியொரு நிகழ்வு என்ற விதமாகவே அன்று பேசப்பட்டது. 2011 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் பிரித்தானிய அரசின் பழைய ஆவணங்களைத் துருவியபோது, எழுபதுகளின் பிற்பகுதியில் குறைந்தது எண்பது பெண்களேனும் இப்பரிசோதனைக்கு உட்பட்டிருந்தனர் என்பது வெளிப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் டில்லியிலும் பம்பாயிலும் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சென்ற பெண்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு செய்தியின் மிகுதிப் பாதி வந்து சேர்வது எங்கள் தொழிலில் புதுமையல்ல; ஆனாலும் அந்த எண்ணை வாசித்தபோது நான் சிறிது நேரம் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

நிற்க. தேர்தலில் வென்ற தட்சர் அரசு தன் வாக்கை 1980 மார்ச் முதலாந் திகதி நிறைவேற்றியது. புதிய விதிகளின்படி, வெளிநாட்டுக் கணவன் ஒருவன் பிரித்தானியாவில் வாழும் மனைவியிடம் வருவதற்கு அவள் அந்நாட்டுப் பிரசையாக இருந்தால் மட்டும் போதாது. அவளோ அவளுடைய பெற்றோரில் ஒருவரோ அம்மண்ணில் பிறந்திருக்கவும் வேண்டும். மணமக்கள் முன்னரே ஒருவரையொருவர் சந்தித்திருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் மேலாக, இத்திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரித்தானியாவுக்குள் நுழைவதே என்று கருத அதிகாரிக்குக் காரணம் இருந்தால் அனுமதி மறுக்கப்படும். மனைவியரை அழைக்கும் ஆண்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

'முதன்மை நோக்க விதி' என்று பெயர் பெற்ற இதன் நுட்பத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். திருமணம் பொய்யானது என்று அதிகாரி நிறுவ வேண்டியதில்லை. அது உண்மையான திருமணமாகவே இருக்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழப்போகிறார்கள் என்பதை அதிகாரியே ஏற்றுக்கொள்ளலாம். அப்படியிருந்தும், அந்த மாப்பிள்ளை அந்தப் பெண்ணைத் தெரிந்ததற்கு முதற்காரணம் அவள் வாழும் நாடு என்று அதிகாரி எண்ணினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். 1983 இல் இது மேலும் இறுகியது. பிறப்பிட நிபந்தனை தளர்ந்து, பிரித்தானியப் பிரசையான எந்தப் பெண்ணும் கணவனை அழைக்கலாம் என்றானது. பதிலுக்கு, நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரியின் தலையில் ஏறியது. தன் மனத்தில் என்ன நோக்கம் இல்லை என்பதை ஒருவன் நிரூபிக்க வேண்டும்.

இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? டில்லியிலும் பம்பாயிலும் இஸ்லாமாபாத்திலும் டாக்காவிலும் நடந்த நேர்முகங்களில் இளைஞர்கள் இந்தக் கேள்வியில்தான் விழுந்தார்கள். மனைவி இங்கே வந்து உன்னோடு வாழலாமே, ஏன் நீ அங்கே போகிறாய்? அவள் வர விரும்பவில்லை என்றால், இந்தத் திருமணமே பிரித்தானியாவில் வாழ்வது என்ற நிபந்தனையின் மேல் நடந்தது, ஆகவே மறுப்பு. அங்கே நல்ல வருமானம் கிடைக்கும் என்று உண்மையைச் சொன்னால், அதுவே நோக்கம், ஆகவே மறுப்பு. எங்கு வாழ்வது என்று நாங்கள் பேசவேயில்லை என்றால், அது நம்பத்தக்கதல்ல, ஆகவே மறுப்பு. இதற்கு மேல், உங்கள் வழக்கப்படி மணமகள்தானே மணமகன் வீட்டுக்குச் செல்வாள், நீ வழக்கத்தை மீறி மனைவியின் ஊருக்குப் போவானேன் என்றும் கேட்டார்கள். வட இந்தியக் கிராம வழக்கம் பற்றி எங்கோ படித்த அரைகுறை அறிவு, அந்த மக்களுக்கு எதிராகவே சாட்சியாக நிறுத்தப்பட்டது.

இதனை வாசிக்கையில் எனக்குள் ஒரு கசந்த சிரிப்பு எழுவதுண்டு. எங்கள் யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் எழுதி, மாப்பிள்ளை அங்கு வந்து குடியேறுவது சர்வசாதாரணம். மட்டக்களப்பில் அதுவே முறை. 'வழக்கத்தை' ஆதாரமாகக் கொள்வதாயின், மட்டக்களப்பு மாப்பிள்ளை ஒருவன் இலண்டனிலுள்ள மனைவி வீட்டுக்குச் செல்வதைத் தடுக்க எந்த அதிகாரியாலும் முடிந்திருக்கக் கூடாது. ஆனால் வழக்கம் என்பது மறுக்கத் தேவைப்படும்போது மட்டும் நினைவுக்கு வரும் பொருள்.

மேன்முறையீடுகளில் நீதிபதிகள் சிலர் இறுக்கத்தைக் குறைக்க முயன்றார்கள். மணத்துக்குப் பின் தம்பதியரிடையே வளர்ந்த பற்றுதலையும் கருத்திற் கொள்ள வேண்டும் என்று 1986 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நல்ல தீர்ப்புத்தான். அதன் விளைவு என்னவெனில், பிரிந்திருக்கும் தம்பதியர் தங்கள் பற்றுதலுக்குப் பற்றுச்சீட்டுச் சேர்க்கத் தொடங்கினார்கள். கடித உறைகள் முத்திரைத் திகதி தெரிய அடுக்கப்பட்டன. தொலைபேசிக் கட்டணச் சீட்டுக்கள் கோவையில் ஏறின. மனைவி எழுதிய அந்தரங்க வரிகளை முன்பின் அறியாத அதிகாரி ஒருவர் மேசையில் விரித்து, மொழிபெயர்ப்பாளரின் துணையோடு வாசித்தார்.

இனி அந்த மூன்று பெண்களிடம் வருவோம். ஒருவர் மலாவியில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண். போர்த்துக்கல் நாட்டவர் ஒருவரை 1979 டிசம்பரில் மணந்தவர். இரண்டாமவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். 1967 இலேயே பிரித்தானியா சென்று தாதியாகப் பணியாற்றியவர். 1980 இல் மணிலாவுக்குச் சென்று மணம் முடித்துக் கணவனை அங்கேயே விட்டுத் திரும்பியவர். மூன்றாமவர் எகிப்தில் பிறந்தவர், கணவர் துருக்கியர். இந்த மூன்றாமவரின் நிலை விநோதமானது. பிரித்தானியர் ஒருவரை முன்னர் மணந்திருந்ததனால் அவருக்குப் பிரித்தானியப் பிரசாவுரிமை கிடைத்திருந்தது. அதாவது, பிரித்தானிய ஆணின் மனைவி என்பதனால் சட்டம் அவருக்கு நாட்டுரிமையே கொடுத்தது. அதே சட்டம், அவர் தாமே பிரித்தானியப் பிரசையாக நின்று கணவரைத் தம்முடன் வைத்திருக்கக் கேட்டபோது, அம்மண்ணில் பிறக்கவில்லை என்று மறுத்தது.

மூவரும் அங்கு சட்டப்படி குடியிருந்தவர்கள். மூவருக்கும் கணவருடன் வாழ அனுமதி மறுக்கப்பட்டது. அவர்கள் ஆண்களாக இருந்து மனைவியரை அழைத்திருந்தால் மறுப்பு நேர்ந்திராது. அப்துல் அசீஸ், கபாலெஸ், பல்கந்தாலி என்ற மூன்று பெயர்களையும் தாங்கிய அந்த வழக்கு ஸ்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆண்கள் வேலை தேடுவார்கள், பெண்கள் அவ்வளவாகத் தேட மாட்டார்கள், எனவே வேலையின்மை மிகுந்த காலத்தில் கணவன்மாரைத் தடுப்பது நியாயமே என்று பிரித்தானிய அரசு வாதாடியது. ஒரு பெண் பிரதமராக வீற்றிருந்த அரசின் வாதம் அது.

1985 மே 28 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அதன் முதற் பாகம் பெண்களுக்கு உவப்பானதல்ல. தம்பதியர் எந்த நாட்டில் கூடிவாழ விரும்புகிறார்களோ அந்தத் தெரிவை மதித்தே ஆகவேண்டும் என்ற கடப்பாடு ஓர் அரசுக்கு இல்லை என்றது நீதிமன்றம். இனப் பாகுபாடு என்ற முறைப்பாட்டையும் அது ஏற்கவில்லை. ஆனால் பால் அடிப்படையிலான பாகுபாடு நிகழ்ந்திருக்கிறது என்பதில் நீதிபதிகள் ஒருமனதாக நின்றார்கள். வேலைச் சந்தை பற்றிய அரசின் வாதம் இத்தகைய வேற்றுமையை நியாயப்படுத்தப் போதாது என்றார்கள். மூவருக்கும் வழக்குச் செலவு கிடைத்தது, இழப்பீடு இல்லை. தீர்ப்பே போதிய பரிகாரம் என்றது நீதிமன்றம்.

வெற்றி வெற்றிதான். பிரித்தானியக் குடிவரவு விதிகளில் பெண்ணும் ஆணும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்றாகிவிட்டது. அரசின் முன் இரண்டு வழிகள் இருந்தன. கணவன்மாருக்கு வைத்த தடைகளை எடுத்து அவர்களை மனைவியரின் நிலைக்கு உயர்த்தலாம். அல்லது மனைவியரையும் அத்தடைகளுக்குள் கொண்டுவரலாம். உள்துறை அமைச்சர் லியோன் பிரிட்டன் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், முதன்மை நோக்கச் சோதனையையும் முன்சந்திப்பு நிபந்தனையையும் மனைவியருக்கும் மணம்பேசிய பெண்களுக்கும் விரித்தன. நீதிமன்றம் கேட்டது சமத்துவம், சமத்துவம் வழங்கப்பட்டது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் சோறு போடுவது அநீதி என்று அயலார் சொன்னதைக் கேட்டு, தகப்பன் மற்றப் பிள்ளையின் கோப்பையையும் பிடுங்கிக்கொண்ட கதைதான்.

ஒரேயொரு வேலி மட்டும் எஞ்சியிருந்தது. 1973 க்கு முன்னரே குடியேறிய பொதுநலவாய ஆண்களின் மனைவி மக்களுக்கான நுழைவுரிமை 1971 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பாதுகாக்கப்பட்டிருந்தபடியால், விதியை மாற்றி அதைத் தொட முடியவில்லை. 1988 இல் சட்டத்தையே திருத்தி அதனையும் அகற்றினார்கள். இருபது ஆண்டு காலம் ஆலைகளில் உழைத்து, வரி செலுத்தி, பின்னர் மனைவியை அழைப்போம் என்று காத்திருந்த பங்களாதேசத் தொழிலாளர்கள் இதில் அகப்பட்டார்கள்.

மற்றவர்களின் சட்டத்தைப் பற்றி இவ்வளவு எழுதும்போது எங்கள் சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுவது நேர்மை. இலங்கையின் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தில் வம்சாவளி என்பது தகப்பன் வழியாகவே கணிக்கப்பட்டது. வெளிநாட்டவரை மணந்த இலங்கைப் பெண்ணின் பிள்ளைக்குத் தாயின் நாட்டுரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்த நாடு என்று நாங்கள் பெருமை பேசிய காலமும் இதற்குள் அடங்கும்.

ஸ்ராஸ்பேர்க் தீர்ப்பு வந்த அதே 1985 மே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. இலங்கைப் பிரசைகள் பிரித்தானியா செல்ல முன்கூட்டியே விசா பெறவேண்டும் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. பொதுநலவாய நாடுகளில் முதன்முதலாக இக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது எங்கள் நாடே. 1983 ஜூலைக்குப் பின் தப்பியோடிய தமிழர்களே அதன் இலக்கு. அகதிகளுக்காகக் கட்டிய வேலி மணமக்களையும் மறித்தது. அகதி அந்தஸ்து மறுக்கப்பட்டு விசேட அனுமதியில் மட்டும் தங்கியிருந்த இளைஞர்கள், ஊரில் விட்டு வந்த மனைவியை அழைக்க விண்ணப்பிப்பதற்கே பொதுவாக நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பற்றுதலுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்கும் விதி யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு என்ன பொருள் தந்தது என்பதை அக்காலத்தில் அங்கு இருந்தவர்களே அறிவர். 1990 இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, தொலைபேசியும் நின்றது. இலண்டனிலிருந்து வரும் கடிதம் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் அலைந்து வந்தது. தொலைபேசிக் கட்டணச் சீட்டு எங்கே என்று கேட்கும் அதிகாரிக்கு, என் ஊரில் தொலைபேசியே இல்லை என்ற பதில் நம்பத்தக்கதாகத் தோன்றியிருக்குமா? கொழும்பில் நேர்முகம் என்று திகதி வரும். அத்திகதிக்குப் போய்ச் சேரப் புலிகளிடம் பயண அனுமதி பெற வேண்டும். ஆனையிறவு அடைபட்டிருந்ததால் இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடக்க வேண்டும். அந்த நீர்ப்பரப்பில் கடற்படையின் தாக்குதலில் இறந்த பயணிகள் பலர். கரையேறி, வன்னியைக் கடந்து, வவுனியாவில் படையினரிடம் அனுமதி பெற்று, கொழும்பில் ஒரு விடுதியில் பொலிஸ் பதிவோடு தங்கி, மறுநாள் காலை கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றால், அங்கே கேட்கப்படும் முதற் கேள்வி: உங்கள் கணவரை நீங்கள் எத்தனை தடவை நேரில் சந்தித்திருக்கிறீர்கள்?

திருமணப் பட அல்பங்கள் அக்காலத்தில் ஏன் அவ்வளவு தடித்திருந்தன என்று இளையவர்கள் கேட்பதுண்டு. தாலி கட்டும் படம் ஒன்று போதாது. இரு வீட்டாரும் நிற்கும் படம், கையொப்பமிடும் படம், விருந்தில் ஊட்டிவிடும் படம் எல்லாம் வேண்டும். படப்பிடிப்பாளர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். எனக்கு உறவுமுறையான பெண்ணொருத்தியின் அல்பத்தில், மாப்பிள்ளையின் தோளில் அவள் கைபோட்டிருக்கும் படமொன்று உண்டு. அப்படி நிற்கும் சுபாவம் அவளுக்கு இல்லை. 'எம்பசிக்கு வேணும் பிள்ளை' என்று படப்பிடிப்பாளர் சொல்லித்தான் நின்றாளாம். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தப் படத்தைக் காட்ட அவளுக்கு வெட்கம்.

இவ்விதிக்குள் இருந்த இன்னொரு விநோதம் 1992 இல் அம்பலமானது. சுரிந்தர் சிங் என்ற இந்தியர் 1982 இல் பிராட்போர்டில் பிரித்தானியப் பெண் ஒருவரை மணந்தார். இருவரும் 1983 முதல் 1985 வரை ஜேர்மனியில் வேலை செய்துவிட்டுப் பிரித்தானியா திரும்பினர். பின்னர் மணவாழ்வு முறிந்தபோது அவரை நாடுகடத்த அரசு முற்பட்டது. பிற ஐரோப்பிய நாடொன்றில் தொழில் செய்து திரும்பும் பிரசையின் துணைவருக்கு, உள்நாட்டு விதிகள் எவ்வாறிருப்பினும், ஐரோப்பியச் சட்டப்படி உட்புகும் உரிமை உண்டு என்று லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் அவ்வாண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆகவே, இலண்டனில் வேலை செய்யும் ஜேர்மன் பெண் தன் இந்தியக் கணவனை முதன்மை நோக்கச் சோதனையின்றி வைத்திருக்கலாம். பிரித்தானியப் பெண் அதே சலுகையைப் பெற முதலில் ஜேர்மனிக்கோ அயர்லாந்துக்கோ வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். பலர் அவ்வாறே போனார்கள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியபின் 2022 இல் அவ்வழியும் அடைபட்டது.

1997 மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. ஜூன் 5 ஆம் திகதி உள்துறை அமைச்சர் ஜக் ஸ்ட்ரோ முதன்மை நோக்க விதியை நீக்கினார். பதினேழு ஆண்டுகள் எத்தனையோ குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் நிறுத்திவைத்த விதி ஒரே அறிவிப்பில் போயிற்று.

விதி போன பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். அவை பலருக்கு நேரடி அனுபவம். 2003 இல் தற்காலிக அனுமதிக் காலம் இரண்டு ஆண்டுகளாயிற்று. 2008 இல் துணைவர் விசாவுக்கான வயது 21 ஆக உயர்ந்தது. கட்டாயத் திருமணங்களைத் தடுக்கவே அது என்றார்கள். தம் விருப்பப்படி மணந்த இளையோரைத் தண்டிக்கும் விதி அது என்று 2011 இல் உயர் நீதிமன்றம் அதனை நிராகரித்தது. 2010 இல் ஆங்கிலப் பரீட்சை வந்தது. 2012 ஜூலையில் இரண்டு ஆண்டு ஐந்தாயிற்று. அத்துடன், துணைவரை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுணேனும் உழைக்க வேண்டும், அல்லது 62,500 பவுண் சேமிப்பு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. நோக்கத்தை அளந்தவர்கள் இப்போது பணத்தை அளக்கத் தொடங்கினார்கள். ஒரு வகையில் இது நேர்மையானது என்றே சொல்வேன். மனத்துக்குள் நுழைந்து பார்ப்பதாக இது பாசாங்கு செய்யவில்லை.

இந்த வருமான விதியால் பெற்றோரில் ஒருவரைத் திரையில் மட்டுமே காணும் பிள்ளைகள் குறைந்தது 15,000 பேர் என்று இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளருக்காகத் தயாரிக்கப்பட்ட அறிக்கை 2015 இல் மதிப்பிட்டது. 'ஸ்கைப் குடும்பங்கள்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். 2017 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆயிரக்கணக்கானோருக்கு இவ்விதி துன்பம் விளைவிப்பதை ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளின் நலனை விதி போதியவாறு கருத்திற் கொள்ளவில்லை என்று கண்டித்தது. ஆனால் வருமான எல்லை விதிப்பது அடிப்படையில் சட்டவிரோதமன்று என்றது. 2024 ஏப்ரல் 11 ஆம் திகதி அந்த எல்லை 29,000 பவுணாக உயர்ந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில், துணைவர் செலுத்தும் சுகாதாரக் கட்டணம் ஆண்டொன்றுக்கு 1,035 பவுணாகியிருந்தது.

வருமான விதி ஆணையும் பெண்ணையும் வேறுபடுத்துவதில்லை. 1985 இன் தீர்ப்பு எழுத்துப் பிசகாமல் நிறைவேறியிருக்கிறது. ஆனால் பகுதி நேர வேலையிலும் பராமரிப்பு வேலையிலும் இருப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். அந்த எல்லையை எட்ட முடியாதவர்களிலும் அவர்களே அதிகம். மேற்சொன்ன அல்பத்துக்குரிய உறவுப் பெண்ணின் மகள் இப்போது இலண்டனில் இருக்கிறாள். இங்கு விடுமுறைக்கு வந்தபோது பழகிய ஒருவரை மணந்திருக்கிறாள். அவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர். பகலில் பேரங்காடியிலும் மாலையில் முதியோர் இல்லத்திலும் வேலை செய்கிறாள். சென்ற கிழமை தொலைபேசியில் பேசியபோது, ஆறு மாதச் சம்பளச் சீட்டுக்களில் ஒரு மாதத்துத் தொகை வங்கிக் கணக்கில் விழுந்த தொகையோடு எட்டுப் பவுணால் ஒத்துவரவில்லை என்றாள். அந்த ஆறு மாதத்தையும் திரும்பத் தொடங்க வேண்டுமா மாமா என்று கேட்டாள்.